ஒரே தீக்குச்சி, ஒரு மெழுகு முட்டை

கோத்தகிரிக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடியிலேயே கொட்டித் தீர்த்துவிடும். மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிற எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை வரவேண்டும். வந்துவிட்டால் பத்து நாள், பதினைந்து நாள் துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும், அடுக்கி வைத்த விறகைத் தொட்டால் சில்லென்று இருக்கும். ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரம். அந்த நாட்களில் விடிகாலையில் வீட்டுக்குள்ளேயே 12, 13 டிகிரிதான்.

அம்மாவுக்கு 71 வயது. எழுந்ததும் முதல் வேலை அடுப்பு. கூடத்து மூலையில் ஓர் இரும்பு அடுப்பு இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. முன்னால் கதவு, கதவுக்குக் கீழே காற்று வாய், பின்னால் 6 அங்குலக் குழாய் கூரையைத் தாண்டி வெளியே போகும். மேல் தட்டில் வெந்நீர்ப் பானை எப்போதும் உட்கார்ந்திருக்கும். நன்றாகப் பிடித்துவிட்டால் அரை மணியில் கூடம் முழுக்கக் கதகதப்பாகிவிடும். பிடிக்க வைப்பதுதான் பாடு. அம்மா தரையில் குந்தி உட்கார்ந்து, ஊதாங்குழலை வைத்து ஊது ஊது என்று ஊதி, கண்ணைக் கசக்கி, இருமி, மறுபடி ஊதுவார். அவருக்கு இளைப்பு உண்டு. புகை ஆகவே ஆகாது.

ஐப்பசி பிறந்த முதல் வாரத்தில் ஒரு நாள், ஊதி ஊதி மாளாமல், பரணில் இருந்த பழைய மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்து அணையப்போகிற கங்கின் மேல் ஊற்றியிருக்கிறார். உடனே பிடிக்கவில்லை. வெள்ளையாகப் புகை மட்டும் வந்திருக்கிறது. சரி, பிடிக்கவில்லை போல என்று குனிந்து பார்த்த நேரத்தில் குப்பென்று கதவு வழியாகச் சுவாலை வெளியே வந்துவிட்டது. முன் நெற்றி முடி கருகி, சேலைத் தலைப்பில் ஓட்டை. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது அம்மா நின்றுகொண்டிருந்தார், கை மட்டும் நடுங்கியது.

அந்த வெள்ளைப் புகை என்னவென்று அப்புறம் யோசித்தால் விளங்குகிறது. சூடான கங்கில் மண்ணெண்ணெய் பட்டால் முதலில் ஆவியாகும். சுவாலை இல்லாததால் அந்த ஆவி எரியாமல் அடுப்புக்குள் சேர்ந்துகொண்டே போகும். எங்கேயாவது ஒரு பொறி தெறித்தால் சேர்ந்தது மொத்தமும் ஒரே நொடியில் பற்றும். அன்றைக்கே டப்பாவைத் தூக்கி வெளியே வைத்தேன். இனி இந்த வீட்டில் ஒரே தீக்குச்சியில், ஊதாமல், எண்ணெய் ஊற்றாமல் அடுப்புப் பற்ற வேண்டும். அம்மா பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அது தானாக எரிந்துகொண்டிருக்க வேண்டும். இதற்கு வழி கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். ஒன்றரை மாதம் ஆனது.

முதலில் விறகைப் பார்த்தேன். எங்களிடம் இருப்பது பெரும்பாலும் சீகையும் கற்பூர மரமும். சீகை என்று இங்கே சொல்வது வாட்டில் மரத்தை, சீயக்காய் இல்லை. கற்பூர மரம் என்று இங்கே சொல்வது யூகலிப்டஸை. கீழ்நாட்டில் தைலமரம் என்பார்கள். இரண்டும் ஆங்கிலேயர் காலத்தில், 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. கற்பூர மரத்தை ஊட்டி, குன்னூர், வெலிங்டன் விறகுத் தேவைக்காகவே தோப்புத் தோப்பாக நட்டார்கள். சீகை நட்ட இடத்தைத் தாண்டித் தானாகவும் பரவி, இன்று புல்வெளியையெல்லாம் மூடிக்கொண்டு நிற்கிறது. அதை வெட்டி எரிப்பது மலைக்கு நல்லதுதான் என்று எனக்குத் தோன்றும். சீகை நின்று எரியும், தணலும் நன்றாக விழும்.

ஈரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளச் சமையலறைத் தராசே போதும். அடுக்கிலிருந்து ஒரு பிளந்த சீகைக் கட்டையை எடுத்து நிறுத்தேன்: 412 கிராம். அதை அடுப்பின் மேல் தட்டில், இரண்டு கல்லுக்கு மேல் தூக்கி வைத்து, மூன்று நாள் காயவிட்டேன். எடை 300 கிராமில் வந்து நின்றது, அதற்குமேல் குறையவில்லை. ஆக அந்தக் கட்டையில் கால் பங்குக்கு மேல் தண்ணீர். கூரைக்குக் கீழேதான் அடுக்கியிருந்தோம். ஆனால் சாரல் அடிக்கிற பக்கம் மறைப்பு இல்லை. நன்றாக எரிய வேண்டுமானால் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. பச்சை மரத்தில் பாதிக்குப் பாதி தண்ணீரே இருக்கும்.

ஈர விறகு ஏன் பற்றுவதில்லை என்பதை நான் அதுவரை தப்பாகப் புரிந்து வைத்திருந்தேன். தண்ணீர் நெருப்பை அணைக்கிறது என்று நினைத்திருந்தேன். நடப்பது வேறு. மரம் 200 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் அதிலிருந்து எரிகிற வாயு தாராளமாக வெளியே வரும். நாம் காண்கிற சுவாலை அந்த வாயு எரிவது. கட்டையின் மேல்தோலில் தண்ணீர் இருக்கும்வரை, எவ்வளவு சூடு கொடுத்தாலும், அந்தச் சூடு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். அந்த இடம் தண்ணீர் கொதிக்கிற சூட்டைத் தாண்டாது. கோத்தகிரி உயரத்தில் அது சுமார் 94 டிகிரி. தண்ணீர் போன பிறகே மரம் சூடேறத் தொடங்கும். அதனால் கேள்வி, சுவாலை எவ்வளவு பெரிது என்பதைவிட எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதே. காகிதம் பெரிய சுவாலையாக எரியும். சுள்ளியின் தோல் காய்வதற்குள் அணைந்துவிடும். அம்மா ஊதியதெல்லாம் அந்தப் பற்றாக்குறையை மூச்சால் ஈடுகட்டத்தான்.

இது புரிந்த பிறகு வேலை எளிதானது. மழைவிட்ட ஒரு மத்தியானம், வாசலில் சன்ஷேடுக்குக் கீழே ஒரு செங்கல்லை வைத்து, வீட்டில் அகப்பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொளுத்தி, கைப்பேசியில் நேரம் பார்த்தேன். செய்தித்தாளைக் கசக்கிய உருண்டை ஒரு நிமிடம் சொச்சம். வெறும் தேங்காய் நார் ஒன்றரை நிமிடம். பெரிய சூடம் மூன்று துண்டு இரண்டரை நிமிடம், அதற்குள் செங்கல்லில் கரி அப்பிவிட்டது. அந்தப் புகை அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். கற்பூர மரத்தின் காய்ந்த இலை படபடவென்று அழகாக எரியும், ஆனால் கைப்பிடிக்கு அரை நிமிடம்கூட நிற்காது. நல்லெண்ணெயில் நனைத்த பழைய விளக்குத்திரிக் கட்டு ஆறு நிமிடம் நின்றது. சுவாலை சின்னது. ஊட்டியிலிருந்து எப்போதோ கொண்டுவந்த பைன் காயை மெழுகில் தோய்த்துப் பார்த்தேன். எட்டு நிமிடம் எரிந்தது, ஆனால் வெடித்து வெடித்துப் பொறி தெறித்தது.

மெழுகு சேர்ந்தவை மட்டும் நேரம் பிடித்தன. அதுவும் இயல்புதான். காய்ந்த மரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சூடு அதே எடை மெழுகில் இருக்கிறது. ஆனால் மெழுகைத் தனியாகக் கொளுத்த முடியாது, அது உருகி ஓடும். உருகியதை உறிஞ்சி மேலே கொண்டுவந்து ஆவியாக்க ஒரு திரி வேண்டும். மெழுகுவர்த்தியில் ஒரு நூல் செய்கிற வேலையை மரத்தூளும் நாரும் ஆயிரம் நூலாகச் செய்யும். அதுதான் திட்டம்: மரத்தூள், மெழுகு, அதைப் பிடித்து வைக்க ஒரு கிண்ணம்.

கிண்ணத்துக்கு முட்டை அட்டை. கடைகளில் 30 முட்டை வைத்துத் தருகிற காகிதக்கூழ் அட்டை. பிளாஸ்டிக் அட்டை கூடவே கூடாது. மரத்தூளுக்கு மர அறுவை மில். கட்டில் பீரோ செய்கிற கடையில் மூட்டையாகக் கிடைக்கும், ஆனால் அதில் பிளைவுட் தூள் கலந்திருக்கும், அதன் பசை எரிந்தால் வருகிற புகை வீட்டுக்குள் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மெழுகுக்கு முதலில் மின்வெட்டுக்கு வாங்கி மிச்சமான துண்டுகள். அதன்பின் நவம்பர் 2 வந்தது. கல்லறைத் திருநாள். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அன்று சாயங்காலம் ஒவ்வொரு கல்லறை மேலும் வரிசையாக மெழுகுவர்த்தி எரியும். மறுநாள் உபதேசியாரைப் பார்த்துக் கேட்டேன். "கூட்டித்தான் போடப்போறோம், எடுத்துக்கோங்க" என்றார். மழையில் நனைந்து, மண்ணும் பூவிதழும் ஒட்டிக் கிடந்ததைச் சுரண்டி எடுத்தேன், இரண்டு கிலோவுக்கு மேல் தேறியது. யாரோ யாரையோ நினைத்து ஏற்றியது. கழுவிக் காயவைக்கும்போது அந்த நினைப்பு வந்துகொண்டே இருந்தது. வீணாக்கக்கூடாது என்று தோன்றியது.

முதல் தடவை செய்தது இப்படி: கிண்ணங்களில் மரத்தூளை நிரப்பி, மேலே உருகிய மெழுகை ஊற்றினேன். பார்க்க அழகாக இருந்தது. எரித்தால் அட்டை மட்டும் எரிந்து, அடியிலிருந்து வெறும் தூள் பொலபொலவென்று கொட்டிவிட்டது. மெழுகு குளிர்ந்த தூளின் மேல் பட்டதும் தோல் மாதிரி உறைந்து நின்றுவிட்டிருந்தது, உள்ளே இறங்கவே இல்லை.

இரண்டாவது தடவை மெழுகுப் பாத்திரத்திலேயே தூளைக் கொட்டிக் கலக்கினேன். இரண்டு தப்பு நடந்தது. அவசரத்தில் பாத்திரத்தை நேரே அடுப்பின் மேல் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மெழுகிலிருந்து மெல்லிய வெண்புகை கிளம்பியது. அதற்குமேல் சூடேறினால் பாத்திரமே பற்றிக்கொள்ளும். தட்டைப் போட்டு மூடி, துணியால் பிடித்து இறக்கினேன். எரிகிற மெழுகில் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் நொடியில் ஆவியாகி எரியும் மெழுகை நாலு பக்கமும் வாரி இறைக்கும் என்பதால், மூடுவதற்கு ஒரு தட்டு கையெட்டும் தூரத்தில் இருப்பது முக்கியம். அடுத்தது, மரத்தூள் பார்க்கக் காய்ந்ததுபோல இருந்தாலும் ஈரம் இருந்திருக்கிறது. சூடான மெழுகில் போட்டதும் பால் பொங்குவதுபோல நுரைத்துப் பாத்திரத்தின் விளிம்புவரை வந்துவிட்டது. அந்தத் தடவை மெழுகும் அதிகம். அடுப்புக்குள் வைத்தால் கட்டி உருகி, சாம்பலுக்குள் ஓடி, வேண்டாத இடத்தில் கீழே எரிந்தது.

மூன்றாவது தடவைதான் கைக்கு வந்தது. இப்போதும் அப்படியேதான் செய்கிறேன். மரத்தூளை ஒரு பழைய தட்டில் பரப்பி, இரவு அடுப்பு தணிந்த பிறகு மேல் தட்டில் வைத்துவிடுவேன். காலையில் கையில் எடுத்தால் மாவு மாதிரி லேசாக, சரசரவென்று இருக்கும். மெழுகை ஒரு டின்னில் போட்டு, அந்த டின்னைத் தண்ணீர் உள்ள சட்டிக்குள் வைத்து உருக்குவேன். மெழுகு 60 டிகிரி சுமாருக்கு உருகிவிடும். சட்டித் தண்ணீர் 94-ஐத் தாண்டாது. புகை கிளம்புகிற சூட்டுக்குப் போகவே வழியில்லை. கல்லறை மெழுகில் மண் இருக்குமே, அது டின்னின் அடியில் தங்கிவிடும். மேலாக ஊற்றிப் பழைய டீ வடிகட்டியில் வடித்தால் திரிக் கரியும் பூக்காம்பும் நின்றுவிடும்.

அளவு: மரத்தூள் 240 கிராம், மெழுகு 450 கிராம். இது ஓர் அட்டைக்கு, 30 கிண்ணத்துக்குச் சரியாக வரும். ஒரு கிண்ணத்துக்கு 8 கிராம் தூள், 15 கிராம் மெழுகு. தராசு இல்லாவிட்டாலும் கைப்பதம் ஒன்று இருக்கிறது. மெழுகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூளில் ஊற்றிக் கிளறும்போது, புட்டுக்கு மாவு பிசைகிற பதத்துக்கு ஒரு சுற்று கூட ஈரமாக வர வேண்டும். கரண்டியால் அமுக்கினால் கட்டி நிற்க வேண்டும், அமுக்கிய இடத்தில் மெழுகு குளமாகத் தேங்கக்கூடாது. சூடாக இருக்கும், கையால் பிடித்துப் பார்க்க வேண்டாம். கிளறுகிற சட்டியும் வெதுவெதுப்பாக இருந்தால்தான் மெழுகு பாதியில் உறையாது. நான் சட்டியை அடுப்புப் பக்கத்திலேயே வைத்துக் கிளறுவேன்.

இனி திரி. இதற்கு நான் பல வழி யோசித்தேன், விடை அம்மாவின் முறத்தில் இருந்தது. தேங்காய் உடைப்பதற்கு முன் குடுமியைப் பிய்த்துப் போடுவோமே, அந்தக் குடுமி. அதைக் கொஞ்சம் உதறி, சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு கற்றை எடுத்து, கிண்ணத்தின் நடுவில் அடிவரை செருகி, மேலே ஓர் அங்குலம் நீட்டி விட்டு, சுற்றிலும் தூளை அமுக்கிவிட வேண்டும். நீட்டிய நுனியை மட்டும் டின்னில் மிச்சமுள்ள மெழுகில் ஒரு தொடு. அவ்வளவுதான். நுனி முழுக்க மெழுகில் ஊறிவிட்டால் பற்ற நேரமாகும். வெறுமனே விட்டால் நார் எரிந்து முடிந்துவிடும், மெழுகு அதற்குள் உருகியிருக்காது. லேசாகத் தொட்டு எடுத்த நார், தீக்குச்சி கிட்டே போனதும் பற்றிக்கொள்ளும்.

ஆறியதும் கத்தரிக்கோலால் தனித்தனியாக வெட்டினேன். அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெழுகு முட்டை" என்றார். அப்போதிலிருந்து வீட்டில் அதுதான் பெயர்.

செங்கல்லில் வைத்துக் கொளுத்தினேன். முதல் ஒரு நிமிடம் நார் மட்டும். அடுத்து கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி மெழுகு பளபளவென்று ஈரமாகி, சுவாலை மெல்ல அகலமாகி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் நிலைகொண்டது. காற்றில் சாய்ந்தாலும் திரும்ப நிமிர்ந்தது. நாலாவது நிமிடம் அட்டை கறுத்து விரிந்தது, ஆனால் கட்டி உடையவில்லை, தூளும் மெழுகும் ஒன்றாகப் பிடித்திருந்தன. பத்தாவது நிமிடம் சுவாலை தணியத் தொடங்கியது. பன்னிரண்டரை நிமிடத்தில் சுவாலை நின்று, கங்கு மட்டும் அதற்குப் பிறகும் வெகுநேரம் சிவந்திருந்தது. மழைக்கு நடுவில் அந்தச் சின்னத் தீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நிறைவாக இருந்தது.

ஆனால் மறுநாள் காலை அடுப்புக்குள் வைத்தபோது தோற்றது. முட்டை ஒழுங்காக எரிந்தது, சுள்ளி பிடித்தது, பெரிய கட்டை கறுத்தது, எல்லாம் அணைந்தது. புகை கூடத்துக்குள் வந்தது. அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்தார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் இதைச் சரிசெய்தார். அவர் இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-இல் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா வந்த குடும்பம், இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், சின்ன வயதிலிருந்து ஈரத்தில் அடுப்பு மூட்டிய கை. கற்பூர மரத்தை இன்றும் "டர்பன்டைன்" என்றுதான் சொல்வார். அடுப்பைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"முட்ட நல்லாத்தான் இருக்கு தம்பி. முட்டையிலருந்து நேரா கட்டைக்குப் போனா எப்புடி? நடுவுல மிலாறு எங்க?"

மிலாறு என்றால் கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி. தேயிலையை நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை இடுப்பளவுக்கும் கீழே வெட்டிவிடுவார்கள். அந்தக் குச்சி இந்த மலையில் எங்கும் கிடைக்கும். பென்சில் கனத்திலிருந்து கட்டைவிரல் கனம்வரை, வைரம் பாய்ந்து, காய்ந்தால் கணீரென்று இருக்கும். பெரியம்மா தன் வீட்டு அட்டாலியிலிருந்து ஒரு கட்டு இறக்கிக் கொடுத்தார். ஒரு குச்சியை என் காதருகில் ஒடித்துக் காட்டினார். பட்டென்று ஒடிந்தால் காய்ந்தது, வளைந்து நாராகக் கிழிந்தால் இன்னும் ஈரம். தராசெல்லாம் வைத்து நான் கண்டுபிடித்ததை அவர் காதால் கண்டுபிடிக்கிறார்.

ஆக முட்டையின் பன்னிரண்டு நிமிடம் மிலாற்றுக்கு. மிலாறு சீகைச் சிராய்க்கு. சிராய் பிளந்த கட்டைக்கு. ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததைக் காயவைத்துப் பற்றவைக்கிற அளவுக்குத்தான் பெரிதாக இருக்கலாம். ஒரு படி விட்டுவிட்டால் அங்கேயே நின்றுவிடும். சிராய்க்குக் கைக்கோடாலியால் சீகையைக் கட்டைவிரல் கனத்துக்குப் பிளந்தேன். பிளந்தால் உள்மரம் வெளியே தெரியும், ஈரமும் சீக்கிரம் போகும். கற்பூர மரத்தின் உரிந்த பட்டையையும் நீளநீளமாகக் கிழித்துச் சேர்த்துக்கொண்டேன். இரண்டு நாளைக்கு வேண்டியதை அடுப்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு கூடையில் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதைவிடக் கிட்டே வைக்க எனக்குப் பயம்.

புகை உள்ளே வந்ததற்குக் காரணம் வேறு. இரவு முழுக்கக் குளிர்ந்த குழாயில் கனமான குளிர்காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். அடுப்பின் அடியில் பிறந்த கொஞ்சம் சூட்டுக்கு அதைத் தள்ளிவிட வலுவில்லை, புகை வந்த வழியே திரும்பும். குழாய் சூடாகிவிட்டால் அதுவே இழுக்கத் தொடங்கும். அதற்காக அடுக்குகிற முறையைத் தலைகீழாக மாற்றினேன். பெரிய கட்டை இரண்டு அடியில், விரல் இடைவெளி விட்டு. அதன் மேல் குறுக்காகச் சிராய். அதன் மேல் மிலாறு. எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில், மெழுகு முட்டை. அதன் இரண்டு பக்கமும் மிலாறு சாய்ந்து கூரை மாதிரி. காற்று வாய் முழுக்கத் திறந்து, குழாய்த் தகடும், அதாவது குழாயை மூடித் திறக்கிற தகடும், முழுக்கத் திறந்து.

மேலே பற்றவைத்தால் கீழே எப்படி இறங்கும் என்று அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. "நெருப்பு மேல போறதுதானேடா" என்றார். நெருப்பு மேலேதான் போகிறது, கங்கு கீழே விழுகிறது, சூடு எல்லாப் பக்கமும் வீசுகிறது. முட்டை உச்சியில் எரியும்போது குழாய் வாய் அதற்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் குழாய் இழுக்கத் தொடங்கிவிடும். அப்புறம் அடியில் உள்ள கட்டையிலிருந்து வருகிற புகை, மேலே எரிகிற சுவாலை வழியாகத்தான் வெளியே போக வேண்டும், போகிற வழியில் அதுவும் எரிந்துவிடும். அடியில் பற்றவைத்தபோது கூரைக்கு மேலே குபுகுபுவென்று வெள்ளைப் புகை பத்து நிமிடம் வரும். இப்போது முதல் இரண்டு நிமிடத்துக்குப் பிறகு குழாய் வாயில் காற்று நெளிவது மட்டும்தான் தெரிகிறது.

மிகவும் குளிரான நாட்களில் இதுவும் போதாமல் முதல் புகை திரும்பியிருக்கிறது, இரண்டு தடவை. அந்த நாளில் ஒரு தாள் செய்தித்தாளை முறுக்கிக் குழாய் வாய்க்கு நேரே ஒரு நிமிடம் எரியவிட்டு, இழுக்கிற சத்தம் கேட்டதும் முட்டையைப் பற்றவைத்தால் போதும்.

இன்னும் இரண்டு காரியம். அம்மா குந்தி உட்காரக்கூடாது என்பதற்காக, அடுப்பைச் சிமென்ட் கல் இரண்டு வரிசை மேல் தூக்கி வைத்துக் குழாயை அந்த அளவுக்கு வெட்டினோம். பட்டறைக்காரரும் இன்னொருவரும் வந்து அரை நாள் வேலை. இப்போது முக்காலியில் உட்கார்ந்தபடி அடுக்கலாம். அடுத்தது குழாய். கழற்றியபோது உள்ளே ஈர விறகால் சேர்ந்த கரித்தார், கறுப்பாகப் பளபளவென்று, கால் அங்குல கனத்துக்கு இருந்தது. அதுவே ஒரு நாள் குழாய்க்குள் பற்றி எரியக்கூடியது. சுரண்டி எடுத்தோம். இனி மழைக்கு முன்னும் பின்னும் கழற்றிப் பார்ப்பது என்று நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறேன்.

இரவில் கதகதப்பு நிற்கட்டும் என்று குழாய்த் தகட்டை முழுக்க மூடுகிற பழக்கம் இங்கே சில வீடுகளில் உண்டு. செய்யாதீர்கள். சுவாலை இல்லாத தணலும் கார்பன் மோனாக்சைடு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், அதற்கு மணமும் கிடையாது, இருமலும் வராது. மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி மலையூர்களில் வந்திருக்கிறது. எங்கள் வீட்டுத் தகட்டில் கால் பங்கு வெட்டி எடுத்துவிட்டோம், மூடினாலும் வழி இருக்கும். மெழுகு முட்டையையும் எரிகிற அடுப்புக்குள் தூக்கிப் போடக்கூடாது. அது பற்றவைக்க மட்டும், பற்றிய நெருப்பைப் பெரிதாக்க இல்லை.

கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் முன்னால் விடாத மழை. காலை ஆறு மணி, வீட்டுக்குள் 11 டிகிரி. அம்மா முதல் நாள் இரவே அடுக்கி வைத்திருந்தார், நான் பக்கத்தில் போகவில்லை. தீப்பெட்டியை இப்போது மூடி போட்ட டப்பாவில் வைக்கிறோம், நமுப்பதில்லை. ஒரு குச்சி கிழித்தார். நாரில் வைத்தார். கதவை ஒரு விரல் அளவு திறந்து விட்டுவிட்டு எழுந்து பல் தேய்க்கப் போனார்.

நான் கடிகாரம் பார்த்தேன். இரண்டாவது நிமிடம் மிலாறு சடசடத்தது. ஐந்தாவது நிமிடம் குழாய் லேசாக உறுமியது. ஒன்பதாவது நிமிடம் சிராயெல்லாம் பற்றி, அடிக் கட்டையின் மேல் விளிம்பில் சின்னச் சின்னதாக மஞ்சள் நாக்குகள். கதவை மூடினேன். அம்மா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அடுப்பைப் பார்த்து, ஆணியில் தொங்குகிற ஊதாங்குழலைப் பார்த்து, முக்காலியை இழுத்துப் போட்டுக் கையை நீட்டிக் காய்ந்தார். இருமவில்லை.

அன்றைக்கு மத்தியானம் பெரியம்மாவுக்குப் பத்து முட்டை கொடுத்துவிட்டு வந்தார். பதிலுக்கு இரண்டு கட்டு மிலாறு வந்தது. டப்பாவில் இன்னும் 11 இருக்கின்றன. தைக்கு வேண்டியதற்கு இன்னோர் அட்டை செய்ய வேண்டும். மெழுகு இருக்கிறது, தூள் இருக்கிறது. அம்மா ஒரு வாரமாகத் தேங்காய்க் குடுமியைக் குப்பையில் போடாமல் ஜன்னல் கம்பியில் வரிசையாகச் செருகிக் காயவைத்திருக்கிறார். இன்று எண்ணிப் பார்த்தேன், ஒன்பது.